லென்ஸ் திரும்பிப் போவதற்குள்

அந்த லென்ஸ் வந்த அன்று நான் மகள் வீட்டில் இருந்தேன். சுசீந்திரத்துக்குக் கிழக்கே வயல்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. தூசியில் இருமிக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் குலசேகரத்துக்குப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில். மருமகனுக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் மகளும் அவளுடைய மாமியாரும் மட்டும்தான்.

மகள் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவள். கேமரா, லென்ஸ் பற்றி யூடியூபில் பேசவும் செய்வாள். புதிதாக ஒரு சாமான் வந்தால் அதைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வாள். நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் இந்த லென்ஸை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்தனுப்பியிருந்தார். சனிக்கிழமை கடையாள் வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போவார் என்பது பேச்சு.

பெட்டியைத் திறந்தபோது நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றோம். கறுப்பாக, உருண்டையாக, நல்ல மரச்சீனிக் கிழங்கின் பருமனில் இருந்தது. முன்பக்கக் கண்ணாடி தேங்காய்ச் சிரட்டை வாய் அகலம். சாய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் ஊதாவும் ஓடின, மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினது போல. நான் ஒரு விரலை நீட்டினேன்.

"அம்மா, தொடாத. கண்ணாடியில கை பட்டா பாடு வுழுந்துரும் கேட்டியா," என்றாள் மகள்.

விரலை எடுத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் சம்மந்தி இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள்.

"யம்மோ! பெத்த பிள்ளையத் தூக்கின கனமில்லா இருக்கு. இதத் தூக்கிட்டு ஒரு கல்யாணம் முழுக்க நிப்பியா மோளே? தோளு எறங்கிப் போவும்."

"அடியில தாங்கிப் பிடியுங்க மாமி," என்றாள் மகள். அவளிடம் தொடாதே என்று சொல்லவில்லை.

சம்மந்தியை நேரில் நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் என்னை அப்படித்தான். பேச்சில் வாங்க, போங்க. மனதுக்குள் மட்டும் அவள், இவள். எழுதும்போதும் அப்படியே வருகிறது, இருக்கட்டும்.

மகள் அந்த லென்ஸின் பெருமையைச் சம்மந்திக்கு விளக்கினாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. கல்யாண வீட்டில் இப்போது அவள் இரண்டு கேமரா சுமக்கிறாள். கூட்டம் முழுவதையும் அடக்கிப் பிடிக்கிறது ஒன்று கழுத்தில். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவருகிறது ஒன்று தோளில். தாலி கட்டும் நேரத்தில் எதை எடுக்க, எதை விட என்று தடுமாற்றம். இந்த ஒரு லென்ஸ் இரண்டு வேலையையும் செய்துவிடும். வளையத்தைத் திருப்பினால் போதும். அதைவிடப் பெரிய காரியம், இதன் கண் பெரிது. மற்ற லென்ஸ் இருட்டில் திணறும் இடத்தில் இது வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும். விளக்கு வைக்காமல் சர்ச்சுக்குள் படம் எடுக்கலாம். எடுக்கிற முகம் மட்டும் துலங்கும். பின்னால் நிற்கிற வேண்டாத சாமானெல்லாம் பஞ்சாகக் கரைந்துபோகும்.

வேண்டாத சாமான் என்றபோது எனக்கு என் ஞாபகம் வந்தது.

அப்போதே அந்த ஆசை விழுந்துவிட்டது. சனிக்கிழமை அந்த லென்ஸ் திரும்பிப் போவதற்குள் மகள் என்னை ஒரு படம் எடுக்க வேண்டும். நான் கேட்கக் கூடாது. அவளாகக் கூப்பிட்டு எடுக்க வேண்டும்.

என்னைப் படம் எடுப்பது லேசல்ல. கேமராவைக் கண்டால் சேலைத் தலைப்பு தானாக வாய்க்கு வரும், தலை தானாகக் குனியும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இருப்பதுதான் என் முகம். அதுவும் யாரோ அதட்டி நிமிர்த்தி எடுத்தது. மகளுடைய கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் நான் தூணுக்குப் பின்னால் பாதி தெரிவேன். இன்னொன்றில் பந்தியில் குனிந்து நிற்பேன். பெண்ணைப் பெற்றவள் எங்கே என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு என் முதுகுதான் இருக்கிறது. சம்மந்தியோ தாளுக்குத் தாள் சிரிக்கிறாள்.

கேமரா பழகின புதிதில் மகள், "அம்மா, ஒரே ஒரு படம்மா," என்று என் பின்னாலேயே நடந்திருக்கிறாள். நான் அடுக்களைக்குள் ஓடிவிடுவேன். கொஞ்ச காலத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் விட்டுவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை.

அவள் வீடியோக்களில் இப்போது சம்மந்திதான் நிற்கிறாள். "இன்னைக்கு அம்மாவ வச்சு டெஸ்ட் பண்ணிப் பாப்போம்," என்று மகள் ஆரம்பிப்பாள். வீட்டில் மாமி, வீடியோவில் அம்மா. இது ஏன் இப்படி என்று ஒரு தடவை பொறுக்காமல் கேட்டேன்.

"மாமின்னு சொன்னா சென்னைக்காரனுவ கேலியா என்னெல்லாமோ எழுதுதானுவம்மா. அம்மான்னா பொதுவா போயிரும்."

பொதுவாகப் போய்விடுமாம். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. போனில் வீடியோவுக்குக் கீழே ஊரார் எழுதுவதை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்தில் இருப்பது தெரியாது. தமிழில் இருப்பதில் கண்ணில் முதலில் தட்டுப்படுவது அம்மாதான். அம்மா அழகு. அம்மாவுக்கு வயதே தெரியவில்லை. அம்மா சிரிப்புக்காகவே பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் முதலில் வாசிக்கப் படித்த சொல் அது. இதை வாசிக்கத்தான் அதைப் படித்தேன் என்று அன்று யார் கண்டது?

சம்மந்தி வீட்டில் இருக்கிற இருப்பு ஒரு தனி இருப்பு. ஒரு டம்ளரைக் கழுவ எடுத்தாலும், "மைனி, நீங்க இரியுங்க. மருமவளுக்க அம்மைய வேல வாங்குதான்னு நாலு பேரு சொல்லணுமா?" என்று பிடுங்கிக்கொள்வாள். தேங்காய் துருவ விடமாட்டாள், துணி மடக்க விடமாட்டாள். உட்கார்ந்து பார்ப்பது ஒன்றுதான் எனக்கு வேலை. கையில் ஒரு வேலை இருந்திருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

முதல் சோதனை ரப்பர் தோட்டத்தில், காலை வெயிலில். மரத்துக்கு மரம் சிரட்டை கட்டிப் பால் வடிந்துகொண்டிருந்தது. சம்மந்தி நீலப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வந்து ஒரு மரத்தில் கை வைத்து நின்றாள். கை வைக்க யாரும் சொல்லவில்லை. தாடையை எவ்வளவு தூக்க வேண்டும், எந்தத் தோளைத் திருப்ப வேண்டும் என்று ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சில் மைக்குக்கு முன்னால் நின்று வேதம் வாசிக்கிறவள், பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவள். நான் அதே வேதத்தை வீட்டில் உதட்டுக்குள் வாசிக்கிறவள்.

மகள் வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்தாள். நின்ற இடத்தைவிட்டு அசையாமலே தூரத்தில் எடுத்தாள், கிட்டத்தில் எடுத்தாள். வெயிலுக்கு எதிரே நிறுத்தியும் எடுத்தாள். நான் ரப்பர் ஷீட் காயப்போடும் கயிற்றுப் பக்கம் நின்றேன்.

"மைனி, நீங்களும் வந்து நில்லுங்க," என்றாள் சம்மந்தி.

"அய்யோ, நான் வேண்டாம்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி மைனி," என்றாள்.

அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்கவில்லை. மகள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு கரண்டி சாம்பார் ஊற்றவே நாலு தடவை கேட்கிற ஊர் இது. வேண்டாம் என்கிறவளிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றும் தனியாக நின்றது. பின்னால் நின்ற மரங்களெல்லாம் பச்சைப் புகையாகப் போயிருந்தன.

"பாருங்க மாமி, கண்ணெமைய எண்ணிரலாம்!"

"எமைய மட்டுமா மோளே? சுருக்கத்தையும் எண்ணிரலாம் போலிருக்கே."

"ஒங்களுக்கு சுருக்கமும் அழகாக்கும்."

நான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுருக்கத்தை வைத்துத்தான் லென்ஸைச் சோதிக்க வேண்டும் என்றால் என்னிடம் இல்லாததா? அவளுக்குக் கண்ணோரத்தில் மட்டும்தான். எனக்கு நெற்றி, கன்னம், உதட்டுக்கு மேல் என்று வயல் வரப்பு மாதிரி ஓடுகிறது. நல்ல சரக்கு வீட்டிலேயே இருக்கும்போது அது என் மகள் கண்ணில் படவில்லை.

அடுத்தது இருட்டுச் சோதனை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குப் போனோம். மணி அடிக்கிற கோயில்பிள்ளை கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உள்ளே விளக்கு போடவில்லை. மேற்குப் பக்கத்து ஜன்னல் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. கல்யாணப் பெண் நிற்கிற இடத்தில் சம்மந்தியை நிறுத்தினாள் மகள். முதலில் சும்மா எடுத்தாள். லென்ஸ் அந்த இருட்டிலும் முகத்தைச் சட்டென்று பிடித்தது என்று சந்தோஷப்பட்டாள். பிறகு ஒரு வெள்ளை தெர்மோகோல் பலகையை என் கையில் தந்தாள்.

"அம்மா, இத ஜன்னலுக்கு நேரா சரிச்சுப் பிடி. வெளிச்சம் இதுல பட்டு மாமிக்க மொகத்துல விழணும்."

ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. பலகையைச் சரித்தேன். வெளிச்சம் தரையிலிருந்து ஏறி, பெஞ்சில் ஏறி, போய் அவள் முகத்தில் உட்கார்ந்தது. அவள் முகம் பால் ஊற்றின மாதிரி ஆனது. என் கை அவளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. நான் இருட்டில் நின்றேன்.

பலகையை ஒரு விரல்கடை இறக்கினேன். வெளிச்சம் அவள் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

"அம்மா, மேல."

மேலே தூக்கினேன். கொஞ்சம் கூடவே தூக்கினேன். சம்மந்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"மைனி, கண்ணு கூசுது."

"கை நடுங்குது மைனி," என்றேன்.

"பாவம், அவிய கைய வலிக்க வைக்காத மோளே," என்றாள் அவள். அதற்குமேல் என்னால் அந்த விளையாட்டை விளையாட முடியவில்லை. அவளுடைய நல்ல குணம்தான் எனக்குப் பெரிய தொந்தரவு. வாய்த் துடுக்குக்காரியாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, பலகைய வச்சிட்டு மாமிக்குத் தள்ளி, அந்த ஓரத்துல போயி நில்லு," என்றாள் மகள். தலைமுடியைத் தடவிக்கொண்டேன். "குடும்ப போட்டோ எடுக்கும்போ ஓரத்துல நிக்கிற ஆளு இழுத்தாப்புல ஆவுதான்னு பாக்கணும்."

லென்ஸின் ஓரத்தைச் சோதிக்க நான். போய் நின்றேன். அந்தப் படம் என் கணக்கில் சேராது.

எங்களுக்குத் தெரியும்படி கேமராவின் சின்னத் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அதில் நாங்கள் இருவரும் நின்றோம். சம்மந்தி முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். கட்டம் என்னிடம் வரவில்லை. இன்னொரு எட்டு வந்தேன். நான்தான் கேமராவுக்குப் பக்கம், என் முகம்தான் பெரிது. சம்மந்தி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அப்போதும் கட்டம் அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. லென்ஸுக்கே அவளைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்து, சம்மந்தி கோயில்பிள்ளையிடம் பேசிக்கொண்டு நின்றபோது மகளிடம் மெல்லக் கேட்டேன்.

"மக்கா, அந்தப் பச்சக் கட்டம் ஏன் ஒரே எடத்துல நிக்குது? அந்த லென்சு அப்பிடியா?"

அவள் சிரித்தாள். "லென்சு இல்லம்மா, கேமரா. அதுக்கு மாமிக்க மொகம் தெரியும். நான் மொதல்லயே சொல்லி வச்சிருக்கேன். எத்தன பேரு நின்னாலும் அவியளத்தான் தேடிப் பிடிக்கும்."

"நீ சொல்லி வச்சியா?"

"ஆமா. பொண்ணு மாப்பிள மொகத்தக் காலையிலயே அப்பிடிச் சொல்லி வச்சிட்டா கூட்டத்துல தப்பாது. பழகிப் பாக்கதுக்கு மாமிக்க மொகத்தச் சொல்லி வச்சேன்."

"அப்பம் எனக்க மொகம்?"

"ஒன்ன எங்க நிறுத்திச் சொல்லிக்குடுக்க? நீதான் ஓடிருவியே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். என் வயிற்றில் கிடந்த பிள்ளை, தன் கேமராவுக்கு ஒரு முகத்தைக் காட்டி, எந்தக் கூட்டத்திலும் இவளை விடாதே என்று சொல்லியிருக்கிறாள். அந்த முகம் என்னுடையது இல்லை.

சனிக்கிழமை காலை புட்டும் கடலையும். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். வயிறு சரியில்லை என்றேன். மகள் ஓமம் இருக்கிறதா என்று அலமாரியில் தேடினாள். சம்மந்தி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மோளே, ஓமத்தத் தேடாத. ஒனக்க அம்மைக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. இந்த லென்சு போறதுக்கு முந்தி அவியள ஒரு படம் எடு. மொகத்தையும் அந்தக் கேமராக்குள்ள போடு."

என் மனதுக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை அவள் எடுத்துப் புட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பெற்ற மகளுக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் ஆசைப்பட்டது கிடைக்கப் போகிறது, அதுவும் இவள் கையால்.

"அப்பிடியா அம்மா?" என்றாள் மகள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாமுன்னா விடு."

"மோளே," என்றாள் சம்மந்தி, "அவிய வேண்டாமுன்னா வேணுமுன்னாக்கும் அர்த்தம். இத்தன வருசமா இது ஒனக்குத் தெரியாதா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓம டப்பா கையில் இருந்தது.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். முகத்தைச் சொல்லி வைக்க வேண்டும் என்றால் நேராகப் பார்க்க வேண்டுமாம். திரையில் ஒரு சட்டம் வரும், அதற்குள் முகம் முழுசாக அடங்க வேண்டும். நான் பார்த்தேன். எதிரே அந்தப் பெரிய கண்ணாடிக் கண் என்னை விழுங்குவது போல நின்றது. தலை கீழே போனது.

"அம்மா, மேல பாரு."

பார்த்தேன். தலை கீழே போனது.

"மொகம் கிடைக்கலன்னு சொல்லுதும்மா. இன்னொருக்க."

சேலைத் தலைப்பு வாய்க்கு வந்தது. மகள் அதை எடுத்து இடுப்பில் சொருகினாள். மறுபடி எடுத்தாள். மறுபடி முகம் கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு முகம் இருக்கிறது என்பதையே அந்தக் கேமரா நம்பவில்லை. கடையாள் போன் செய்தார், திருவட்டாறு தாண்டிவிட்டாராம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்.

"விடு மக்கா, சாரமில்ல," என்றேன்.

"பேசாம இரி," என்றாள். அவளுக்கும் வாசி ஏறிவிட்டது, எடுக்காமல் விடமாட்டாள். கரண்ட் இல்லை, காற்றாடி ஓடவில்லை. அந்தக் கனத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றதில் அவள் நெற்றி வியர்த்து, முடி கண்ணில் விழுந்து கிடந்தது. ஒதுக்கக் கை இல்லை. தலையை உதறினாள். எழுந்து போய்த் துடைத்துவிடலாமா என்று நினைத்தேன், எழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது கொலுசு இல்லாத கால் நடக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். சம்மந்தி மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் சேலைத் தலைப்பால் அவள் நெற்றியைத் துடைத்தாள். முடியைக் கோதிக் காதுக்குப் பின்னால் சொருகினாள். மகள் கேமராவில் வைத்த கண்ணை எடுக்காமலே தலையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். கேட்காமல், நினைக்காமல், பழக்கத்தில் சாய்த்தாள். காய்ச்சலில் கிடக்கும்போது எனக்குச் சாய்த்துக் கொடுக்கிற தலை அது.

நான் பார்த்தேன். தலைப்பு, வெட்கம், கேமரா எதுவும் ஞாபகம் இல்லை. அவர்கள் இருவரையும் நேருக்கு நேராகப் பார்த்தேன்.

கேமரா ஒரு சின்னச் சத்தம் போட்டது.

"கிடைச்சிட்டு!" என்று மகள் கத்தினாள். கையோடு ஒரு நல்ல படமும் எடுத்துவிட்டாள். சம்மந்தியின் கை அவள் நெற்றியில்தான் இருந்தது, நான் அப்போதும் பார்வையை எடுக்கவில்லை. "மொகம் ஏறிட்டும்மா. ஒண்ணாவது மாமி, ரெண்டாவது நீ."

இரண்டாவதாம்.

லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்தாள். எனக்கு என் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்துப் பழக்கம் இல்லை. வரப்பு வரப்பாகச் சுருக்கம். உதட்டுக்கு மேல் வியர்வை முத்து. மூக்குத்தி போட்டு விட்ட பழைய துவாரம். இரண்டு புருவமும் நெரிந்து, கண் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. சாந்தமான கிழவி என்று யாரும் சொல்ல முடியாது.

மகள் இன்னும் பெரிதாக்கினாள். கண் மட்டும் திரை முழுக்க வந்தது. கறுப்பு மணிக்குள் எதிர்ப்பக்கத்து வாசல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையில் இரண்டு உருவம், ஒன்றோடு ஒன்று சாய்ந்து. ஒன்று கேமராவோடு. மற்றது கையை உயர்த்தி நெற்றியைத் துடைக்கிறது.

"இந்த லென்சு பொல்லாத லென்சு," என்றாள் மகள். லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சம்மந்திதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மைனி, இது கேமராவப் பாத்த பார்வையா? என்னையில்லா கடிச்சுத் திங்கப் போறிய!"

எனக்குக் காது சுட்டது. இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். என் கண் அங்கே திரை முழுக்க விரிந்து கிடந்தது.

மகள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "அம்மா, இத நான் வீடியோவுல போடட்டா?"

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?" என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

கடையாள் வந்தார். மகள் லென்ஸின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, மூடி போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். பெட்டி பைக்கில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். வீட்டில் ஒரு சுமை இறங்கினது போலத்தான் இருந்தது.

ஓட்டு வேலை முடிந்து நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். சில நாள் கழித்து வீடியோ வந்தது. மகள் அழகாகப் பேசியிருந்தாள். இருட்டில் இதை அடிக்க வேறு இல்லை, இரண்டு கேமரா சுமக்கிற பாடு மிச்சம், ஓரத்தில் நிற்கிற ஆளும் இழுபடாமல் வருகிறார், ஆனால் கை தாங்க வேண்டும், நாள் முழுக்கத் தூக்கினால் மறுநாள் தோள் சொல்லும், தன்னைப் போன்றவர்கள் பெரிய கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும் என்றாள். கூர்மையைப் பற்றிச் சொல்லும்போது என் படம் வந்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே காட்டினாள். சம்மந்தி படங்களுக்கு அவள் பேச்சை நிறுத்தவில்லை. அதை நான் திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கீழே எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தக் கண்ணைப் பார்த்தீர்களா என்று ஒருவர். பயமாக இருக்கிறது என்று ஒருவர். ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மா எப்பவும் போல சூப்பர். கோபமா பாக்குற அந்தப் பாட்டி யாரு?"

அவள் அம்மா, நான் பாட்டி. அவளுக்கும் எனக்கும் ஒரு வயதுகூட வித்தியாசம் இருக்காது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குக் கீழே மகள் பதில் எழுதியிருந்தாள். சின்னப் பதில். நான் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

"அது எங்க அம்மா. மத்தது எங்க மாமி."

எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளாக எழுதியிருந்தாள்.

அன்று சாயங்காலம் சம்மந்தி போன் செய்தாள். ஓடு நன்றாக இருக்கிறதா, மழை ஒழுகவில்லையே என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு சொன்னாள், "வீடியோ பாத்தியளா மைனி? எல்லாவனும் ஒங்க படத்தப் பத்தித்தான் எழுதுதான். எனக்க படம் அத்தன வந்துச்சு, ஒருத்தன் ரெண்டு பேரு சொன்னதோட சரி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது எத்தனை வருடமாக என் தொண்டையில் இருந்த குரல்.

"அப்பிடியெல்லாம் இல்ல மைனி," என்றேன். "அடுத்த லென்சு வரும்போ பழைய மாதிரி நீங்களே நில்லுங்க."

"அய்யோ, நான் வேண்டாம்," என்றாள்.

"சரி மைனி," என்றேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.